தலைமதகும் வடிகாலும்: வலி மாத்திரை ஏன் உறக்க மாத்திரை ஆவதில்லை

டெல்டாவில் 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். வயலுக்கு அடிப்பதும் மருந்து, வாயில் போடுவதும் மருந்து. மன்னார்குடியோ பாபநாசமோ, எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் உரக்கடையும் மெடிக்கலும் நாலு கடை இடைவெளியில் இருக்கும். ஒரே சொல் இரண்டுக்கும் வந்தது தற்செயல்தான். ஆனால் வேதியியலில் பார்த்தால் அந்தத் தற்செயல் அழகாகப் பொருந்துகிறது. மோனோகுரோட்டபாஸ் பூச்சியைக் கொல்வதும் ஆஸ்பிரின் தலைவலியைத் தணிப்பதும் ஒரே வித்தையில்தான். இரண்டும் ஏதோ ஒரு நொதியை வேலை செய்யவிடாமல் அடைக்கின்றன.

நொதி என்பது ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றித் தரும் புரதம். என்சைம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அதன் நடுவில் வேலை நடக்கிற பள்ளம் ஒன்று உண்டு. பல நொதிகளில் அந்தப் பள்ளத்தில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்கும். மோனோகுரோட்டபாஸ், நரம்புக்கு உரிய அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியின் செரினில் போய் ஒட்டிக்கொள்கிறது. நேரம் போகப்போக அந்த ஒட்டு இறுகி, பிறகு பிரிக்கவே முடியாமல் போகும். மருந்தடித்து மயங்கியவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக மணிக்கணக்கில் தாமதிக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். குருணை மருந்தான கார்போபியூரான் கார்பமேட் வகை. அதுவும் அதே செரினில்தான் ஒட்டுகிறது, ஆனால் சில மணி நேரத்தில் தானாகக் கழன்றுவிடும். நஞ்சில் அது குறைந்ததல்ல, ஒட்டின் ஆயுள் மட்டும் குறைவு. ஆஸ்பிரின் காக்ஸ் என்ற நொதியில் 530ஆம் இடத்துச் செரினில் ஒரு அசிட்டைல் துண்டை ஒட்டிவிட்டுப் போய்விடுகிறது. அந்த ஒட்டும் நிரந்தரம். மற்ற வலி மாத்திரைகளான ஐபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் ஒட்டுவதில்லை. வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போகின்றன.

ஒரு மருந்து எத்தனை மணி நேரம் கேட்கும், எதோடு எது சேரக் கூடாது, நிறுத்திய பின் விளைவு எத்தனை நாள் நீடிக்கும் என்பதெல்லாம் பெருமளவு இந்த ஒட்டின் தன்மையைப் பொறுத்தவை. ஆஸ்பிரினை எடுத்துக்கொள்வோம். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவுக்குக் கரு கிடையாது, அதனால் புது நொதி செய்துகொள்ள முடியாது. ஒட்டப்பட்ட தட்டணு சாகும்வரை, அதாவது 7 முதல் 10 நாள்வரை, முடங்கியே இருக்கும். இதயத்துக்காகத் தினம் 75 மி.கி. போடுகிறவர் பல் பிடுங்கப் போகும்போது அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பது இதனால்தான். தானாக நிறுத்துவதும் ஆபத்து. அதே ஆள் மூட்டு வலிக்கு ஐபுபுரூஃபனை முதலில் போட்டுவிட்டால், அது காக்ஸின் வாசலில் உட்கார்ந்துகொண்டு ஆஸ்பிரினை உள்ளே விடாது. ஆஸ்பிரினோ ரத்தத்தில் கொஞ்ச நேரமே இருக்கும் பொருள். வாசல் காலியாவதற்குள் அது சிதைந்துவிடும். மாரடைப்புக்கான காப்பு அன்றைக்கு இல்லாமல் போகும். சாதாரண, உறை பூசாத ஆஸ்பிரினுக்குச் சொல்லப்படும் முறை இது: ஆஸ்பிரின் போட்டு அரை மணி நேரமாவது கழித்து ஐபுபுரூஃபன். ஐபுபுரூஃபன் முதலில் என்றால் 8 மணி நேரத்துக்கு மேல் கழித்து ஆஸ்பிரின்.

வலி எங்கே பிறக்கிறது என்பதைக் கல்லணையை வைத்துப் பார்த்துவிடலாம். அங்கே வந்து சேரும் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகப் பிரிகிறது. உடம்பில் அடிபட்ட இடத்தில், செல்லின் சவ்விலிருந்து அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் திறந்துவிடப்படுகிறது. அது முக்கியமாக மூன்று ஆறுகளில் ஓடும். காக்ஸ் மதகு வழியாகப் போனால் புரோஸ்டாகிளாண்டின்கள் உண்டாகும். வலி, வீக்கம், காய்ச்சல் இவற்றில் பெரும்பங்கு அவற்றுடையது. லைபாக்சிஜனேஸ் மதகு வழியாகப் போனால் மூச்சுக்குழலைச் சுருக்கும் லூகோட்ரையீன்கள். மூன்றாவது வழியில் இ.இ.டி. எனப்படும் எபாக்சைடு அமிலங்கள், இவை வலியையும் வீக்கத்தையும் தணிப்பவை. ஆஸ்பிரின் காக்ஸ் மதகை மூடித்தான் வேலை செய்கிறது என்று 1971இல் காட்டியவர் ஜான் வேன். 1982இல் பெர்க்ஸ்ட்ரோம், சாமுவெல்சன் இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மதகை மூடினால் தண்ணீர் இன்னொன்றில் ஏறும் என்பது டெல்டாக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஒரே ஒரு வலி மாத்திரையில் இழுப்பு வந்துவிடுவது அப்படித்தான். காக்ஸை அடைத்ததும் சரக்கு லூகோட்ரையீன் பக்கம் திரும்புகிறது.

ஸ்டீராய்டு இதற்கெல்லாம் மேலே, மேட்டூரிலேயே கதவை இறக்குவது போல. அராக்கிடோனிக் அமிலம் வெளிவருவதையே அது குறைக்கிறது. அதனால்தான் 'ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க' என்று கேட்டு வாங்கும் காகித உறையில் பெயரில்லாமல் ஒரு சின்ன டெக்சாமெத்தசோன் கிடந்தால் வலி அதிசயம் போலப் பறக்கும். அதன் விளைவு ஒன்றரை நாளுக்கு மேல் உடம்பில் நிற்கும். சர்க்கரை ஏறும். இரவு கண் கொட்டாது. வலி போயிற்று, தூக்கம் ஏன் வரவில்லை என்று அடுத்த நாள் தூக்க மாத்திரை கேட்டு வருகிறவரின் உறையில் நேற்று என்னென்ன இருந்தன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வலியும் தூக்கமும் ஒன்றோடொன்று உரசும் இடம் காக்ஸ் மதகே. அந்த மதகிலிருந்து வருபவை எல்லாம் வலி தருபவை அல்ல. மூளையின் உறைப்படலத்தில் உண்டாகும் புரோஸ்டாகிளாண்டின் டி2, நமக்குத் தெரிந்த வலுவான உறக்கப் பொருள்களில் ஒன்று. 1980களில் ஜப்பானில் ஒசாமு ஹயாய்ஷியின் குழு இதை எலிகளில் காட்டியது. டி2 போய் மூளையில் அடினோசின் என்ற பொருளை ஏற்றும், அடினோசின் உறக்கத்தை வரவழைக்கும். கும்பகோணம் டிகிரி காபி அடைப்பது இதே வாய்க்காலின் கடைமடையை. அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் காஃபின் உட்கார்ந்துகொள்கிறது. சில தலைவலி மாத்திரைகளிலும் 50 மி.கி. அளவுக்குக் காஃபின் உண்டு. இரவு 9 மணிக்கு அதைப் போட்டுவிட்டுப் புரளுகிறவர்கள் அட்டையின் பின்பக்கத்தைப் படிப்பதில்லை.

ஆக, வலியே இல்லாத ஒருவர் காக்ஸை அடைத்தால் தூக்கம் கெட வாய்ப்புண்டு. உடல்நலமுள்ளவர்களுக்கு ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் கொடுத்து உறக்கத்தை அளந்த சிறிய ஆய்வு ஒன்று 1994இல் வெளியானது. நடுவில் விழிப்பது கூடியிருந்தது, படுத்திருந்த நேரத்தில் தூங்கிய பங்கு குறைந்திருந்தது. பாராசிட்டமாலில் அந்த அளவு கெடுதல் தெரியவில்லை. டி2 குறைவது, இரவில் சுரக்கும் உறக்க ஹார்மோனான மெலடோனின் தணிவது, உறக்கத்தின்போது இறங்க வேண்டிய உடல்வெப்பம் சரியாக இறங்காமல் போவது ஆகியவை காரணமாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் முழங்கால் தேய்ந்து, புரண்டு படுக்கும் ஒவ்வொரு முறையும் வலியில் விழிக்கிறவருக்குக் கணக்கு வேறு. அவரை எழுப்புவது வலி. வலி தணிந்தால் தூங்குவார், டி2 குறைந்த இழப்பு அந்த லாபத்தில் மறைந்துவிடும். நாற்று நட்டுவிட்டு வந்த அன்று 'உடம்பு அசதியா இருக்கு, ஒண்ணு போட்டாத் தூக்கம் வரும்' என்று வழக்கமாக வலி மாத்திரை விழுங்குவது இந்த இரண்டாவது கணக்கில் வராது. அசதிக்குத் தூக்கமே மருந்து. அந்த மாத்திரை அதைத்தான் கொஞ்சம் பிடுங்கிக்கொள்கிறது.

'தூக்க மாத்திரை' என்று நாம் சொல்லும் அல்பிரசோலம், டயசெபம், சோல்பிடெம் எவையும் நொதியை அடைப்பவை அல்ல. மூளையில் காபா என்ற அமைதிப் பொருள் வந்து பொருந்தும் ஏற்பியில் உட்கார்ந்து அதன் வேலையைக் கூட்டுபவை. ஆனால் இவற்றைக் கல்லீரலில் சிதைக்க நொதி வேண்டும். டெல்டாவில் கவனிக்க வேண்டிய சிக்கல் அங்கேதான். சேற்றிலும் ஈரத்திலும் நிற்கிறவர்களுக்குப் படர்தாமரை விடாமல் வரும். அதற்கு வாரக்கணக்கில் இட்ராகோனசோல் கொடுப்பார்கள். இட்ராகோனசோல், அல்பிரசோலத்தைச் சிதைக்கும் சி.ஒய்.பி. 3ஏ4 நொதியைப் பலமாக அடைக்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால், வழக்கமான அரை மாத்திரையே அடுத்த நாள் மதியம்வரை தள்ளாட வைக்கலாம். இந்த இரண்டும் சேரவே கூடாது. தோலுக்கு ஒரு மருத்துவர், தூக்கத்துக்கு ஒரு மெடிக்கல் என்று தனித்தனியாகப் போகிறவருக்கு இதைச் சொல்ல ஆளில்லை. அல்பிரசோலம் எச்1 பட்டியலில் உள்ள மருந்து. 2014 மார்ச் 1 முதல், சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, கடை தனிப் பதிவேடு வைத்து 3 ஆண்டு காக்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் எத்தனை கடையில் நடக்கிறது என்பது அவரவர் ஊருக்குத் தெரியும்.

வலியையும் உறக்கமின்மையையும் ஒரே நொதித் தடுப்பானால் தீர்க்க முடியாதா என்ற கேள்விக்கு மருந்துலகம் கால் நூற்றாண்டுக்கு மேல் விடை தேடியிருக்கிறது. அந்த முயற்சியின் சூட்சுமம் வேறு. தலைமதகை மூடுவதற்குப் பதிலாக வடிகாலை அடைப்பது. உடம்பே தனக்காகச் செய்துகொள்ளும் வலி தணிப்புப் பொருள்கள் உண்டு. அவை வருவதும் தெரியாது, போவதும் தெரியாது, உண்டான இடத்திலேயே ஒரு நொதி அவற்றைச் சிதைத்துவிடும். அந்த நொதியை அடைத்தால் பொருள் வயலில் தேங்கும், பயிருக்கு ஊறும். வெளியிலிருந்து எதையும் ஊற்ற வேண்டாம்.

1992இல் ஜெருசலேமில் பன்றி மூளையிலிருந்து அப்படி ஒரு பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. கஞ்சாவின் வேதிப்பொருள் போய் உட்காரும் அதே ஏற்பியில் இதுவும் உட்கார்ந்தது. கண்டவர்கள் அதற்கு வைத்த பெயர் ஆனந்தமைடு. நம் 'ஆனந்தம்'தான், சமஸ்கிருதத்திலிருந்து எடுத்தது. 1995இல் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில், தூங்கவிடாமல் வைத்திருந்த பூனைகளின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து ஓலியமைடு என்ற இன்னொரு பொருள் அடையாளம் காணப்பட்டது. எலிக்குச் செலுத்தினால் எலி தூங்கியது. அடுத்த ஆண்டே பெஞ்சமின் கிராவட் குழு, ஓலியமைடைச் சிதைக்கும் நொதியின் மரபணுவைப் பிரித்தது. ஆனந்தமைடைச் சிதைப்பதும் அதே நொதிதான். பெயர் எஃப்.ஏ.ஏ.எச். அதன் பள்ளத்திலும் ஒரு செரின், 241ஆம் இடத்தில். அதை அடைக்க முதலில் உருவானவற்றில் யு.ஆர்.பி.597 ஒரு கார்பமேட், குருணை மருந்தின் தூரத்துச் சொந்தம். உறக்கமும் வலித் தணிப்பும் ஒரே வடிகாலில் சந்திப்பதைப் பார்த்தவுடன் பெரிய நிறுவனங்கள் வரிசையாக இறங்கின.

எலியில் எல்லாமே நன்றாக நடந்தது. மனிதரின் முழங்காலில் நடக்கவில்லை. ஃபைசரின் பி.எஃப்-04457845 என்ற சேர்மம், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்குத் தினம் 4 மி.கி. வீதம் இரண்டு வாரம் கொடுக்கப்பட்டது. முடிவு 2012இல் வெளியானது. ரத்தத்தில் நொதியின் வேலை 96 விழுக்காட்டுக்கும் மேல் நின்றுபோயிருந்தது, ஆனந்தமைடு ஏறியிருந்தது, வலி மட்டும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை பெற்றவர்களுக்கு இருந்த அளவிலேயே இருந்தது. அதே சோதனையில் ஒப்பீட்டுக்குக் கொடுத்த, காக்ஸை அடைக்கும் நாப்ராக்சன் 500 மி.கி., வேளைக்கு ஒன்றாக இரண்டு வேளை, ஒழுங்காக வேலை செய்தது. அதனால் சோதனையின் அமைப்பில் குறை சொல்ல வழியில்லை. மருந்து குறி தவறவும் இல்லை. குறியை முழுதாக அடித்தும் வலி அசையவில்லை என்பதுதான் ஆராய்ச்சியாளர்களை உலுக்கியது.

ஏன் என்பதற்கு இரண்டு விளக்கங்கள் நமக்கு ஏற்கத்தக்கவையாகத் தெரிகின்றன. வடிகால் ஒன்று அடைபட்டால் தண்ணீர் வேறு பள்ளம் தேடும். தேங்கிய ஆனந்தமைடை, காக்ஸ் நொதியில் ஒரு வகையான காக்ஸ்-2 பிடித்து வேறு பொருளாக மாற்றிவிடும், அதில் சில வலியைக் கூட்டுபவை. இன்னொன்று, அளவு மிஞ்சிய ஆனந்தமைடு மிளகாயின் காரத்தை உணரும் டி.ஆர்.பி.வி.1 என்ற வாயிலையும் தட்டும். தணிக்க வந்ததே எரிச்சலைக் கிளப்பும். காய்ந்த வயலுக்குத் தண்ணீர் நல்லது, மூழ்கிய பயிர் அழுகும். மழைக்காலத்து சம்பா பார்த்தவருக்கு இது புதிதல்ல.

அடுத்தது பிரான்ஸின் ரென் நகரம், 2016 ஜனவரி. போர்ச்சுகல் நிறுவனமான பியால் உருவாக்கிய பி.ஐ.ஏ. 10-2474 என்ற எஃப்.ஏ.ஏ.எச். தடுப்பானை நலமான தன்னார்வலர்களுக்குத் தினம் 50 மி.கி. வீதம் தொடர்ந்து கொடுத்தார்கள். ஐந்தாம் வேளைக்குப் பிறகு ஒருவர் நோயுற்றார், 17ஆம் தேதி இறந்தார். அதே பிரிவில் மருந்து பெற்ற மேலும் நால்வருக்கு மூளை, நரம்புப் பாதிப்பு வந்தது. நொதியை முழுதாக அடைக்கத் தேவையானதைவிடப் பல மடங்கு அளவு அது. அதோடு, இந்தச் சேர்மம் எஃப்.ஏ.ஏ.எச். மட்டுமல்லாமல் மூளைச் செல்களின் வேறு பல கொழுப்புச் சிதைப்பு நொதிகளையும் அடைக்கிறது என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. ஃபைசரின் சேர்மம் அப்படி அக்கம்பக்கத்தைத் தொடவில்லை. தன் வயலுக்கு மடையடைக்கப் போய் ஊர் வடிகால் அத்தனையையும் மண் போட்டு மூடிய கதை. செரின் உள்ள நொதி உடம்பில் நூற்றுக்கணக்கில் உண்டு. ஒன்றைத் தொட்டு மற்றதைத் தொடாமல் இருப்பதுதான் இந்தத் துறையின் முழு வித்தையும், முழு ஆபத்தும்.

இத்தனைக்குப் பிறகும் கதை முடியவில்லை. முழங்காலில் தோற்ற அதே பி.எஃப்-04457845, கஞ்சாப் பழக்கத்தை விடுகிறவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. யேல் பல்கலைக்கழகக் குழு 2019இல் வெளியிட்ட முடிவில் விடுபடும் அவதி குறைந்ததோடு ஆழ்ந்த உறக்கமும் மேம்பட்டிருந்தது. அதே ஆண்டு ஸ்காட்லாந்துப் பெண் ஒருவரைப் பற்றிய மருத்துவ அறிக்கை வந்தது. எஃப்.ஏ.ஏ.எச். மரபணுவை ஒட்டிய பகுதியில் பிறவியிலேயே ஒரு துண்டு இல்லை, வலி என்பதே அவருக்கு ஏறக்குறையத் தெரியாது. கை எலும்பு அறுவைக்குப் பின்னும் வலி மருந்து தேவைப்படவில்லை. பிறந்ததிலிருந்து இல்லாமலிருப்பதும் அறுபது வயதில் இரண்டு வாரம் அடைப்பதும் ஒன்றல்ல என்பதை இங்கே சேர்த்து நினைக்க வேண்டும்.

மூன்றாவது ஆற்றில் ஒரு வேலை நடக்கிறது. வலி தணிக்கும் எபாக்சைடு அமிலங்களைச் சிதைக்கும் கரையும் எபாக்சைடு ஹைட்ரோலேஸ் என்ற நொதியைக் கலிபோர்னியாவின் டேவிஸ் வளாகத்தில் புரூஸ் ஹாமக் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். அவர் தொடங்கியது பூச்சியியலில். புழு கூட்டுப்புழுவாகாமல் வைத்திருக்கும் இளமை ஹார்மோனைச் சிதைக்கும் நொதிகளைத் தேடப் போனவர். இ.சி.5026 என்ற அவர்களின் தடுப்பான் மனிதர்களில் முதற்கட்டச் சோதனைக்கு வந்துவிட்டது. மறுபடியும் உரக்கடையிலிருந்து மெடிக்கலுக்கு ஒரு பாதை.

வேடிக்கை என்னவென்றால், எஃப்.ஏ.ஏ.எச். நொதி ஒவ்வொரு வீட்டிலும் ஏற்கெனவே வலி தணித்துக்கொண்டிருக்கிறது, அடைபட்டு அல்ல, ஓடிக்கொண்டு. பாராசிட்டமாலில் ஒரு பங்கு கல்லீரலில் அமினோஃபீனாலாகி மூளைக்குப் போகிறது. அங்கே எஃப்.ஏ.ஏ.எச். அதை அராக்கிடோனிக் அமிலத்தோடு கோத்து ஏ.எம்.404 என்ற பொருளாக்குகிறது என்று 2005இல் ஸ்வீடனில் காட்டினார்கள். அந்த நொதி இல்லாத எலியில் பாராசிட்டமால் வலியைத் தணிக்கவில்லை. பாராசிட்டமால் வயிற்றைப் புண்ணாக்காமல், தூக்கத்தையும் பெரிதாகக் கெடுக்காமல் இருப்பதற்கும், வீங்கிய மூட்டில் அவ்வளவாகக் கேட்காமல் இருப்பதற்கும் இது ஒரு விளக்கம். பெரியவருக்கு நாளைக்கு 4 கிராம் உச்சம் என்று அச்சிட்டிருப்பார்கள். நடவுக்குப் போகும் 45 கிலோ பெண்ணுக்கு அது அதிகம். எடைக்குத் தக்கபடி வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி., நாளைக்கு 60 மி.கி. என்று கணக்கிடுவது பாதுகாப்பு. அப்படியானால் 650 மி.கி. மாத்திரை ஒரு வேளைக்கு ஒன்று, நாளைக்கு நாலு, அதற்கு மேல் இல்லை. அசெக்ளோஃபெனாக் 100 மி.கி. கலந்த பல மாத்திரைகளில் 325 மி.கி. பாராசிட்டமாலும் இருப்பதை மறந்து, காய்ச்சலுக்குத் தனியாக 650 போடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிசகு. தினம் குடிப்பவருக்கு இன்னும் குறைவான அளவிலேயே கல்லீரல் கெடும்.

ஆனால் டெல்டாவில் அதிகம் பேச வேண்டியது கல்லீரலைவிட சிறுநீரகம் என்பது நம் கருத்து. சிறுநீரக வடிகட்டிக்கு ரத்தம் உள்ளே வரும் குழாயை அகலமாக வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின். வெளியே போகும் குழாயை இறுக்கி அழுத்தத்தைக் காப்பது ஆஞ்சியோடென்சின். சாதாரண நாளில் முதலாவது அவ்வளவு தேவைப்படாது. வெயிலில் வியர்த்து உடம்பு வற்றும்போதுதான் வடிகட்டி அதை நம்பி ஓடும். சரியாக அந்த நேரத்தில், மதியம் கஞ்சி குடித்துவிட்டு டைக்ளோஃபெனாக் போட்டால் உள்குழாய் சுருங்கும். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் போடுகிறவராக இருந்தால் வெளிக்குழாய் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். எனலாப்ரிலும் ஒரு நொதித் தடுப்பான்தான், ஆஞ்சியோடென்சின் உண்டாவதைத் தடுப்பது. லோசார்டானும் டெல்மிசார்டானும் வேறு வழியில் அதே விளைவைத் தரும். கூடவே சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரையும் இருந்தால் மூன்றும் சேர்ந்து வடிகட்டியில் அழுத்தமே இல்லாமல் செய்துவிடும். இந்த மூன்றையும் சேர்த்து எடுப்பவர்களுக்குத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு 31 விழுக்காடு அதிகம் என்றும், முதல் 30 நாளில் 82 விழுக்காடு அதிகம் என்றும் 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த பெரிய ஆய்வு சொன்னது. அதுவும் இப்படி வெயில் அடிக்காத பிரிட்டனில். மக்களைத் தேடி மருத்துவம் வழியாக அழுத்த மாத்திரை வீடு தேடி வருகிறது, நல்லது. வலி மாத்திரை கடையில் தனியாக வாங்கப்படுகிறது. இரண்டு பையும் ஒரே கண் முன் விரிவதே இல்லை.

கழுகுகளின் கதையும் இதுதான். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பிணந்தின்னிக் கழுகுக்குப் போய் அதன் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது. இந்தியா 2006இல் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. 2015இல் மனிதர்களுக்கான ஊசிக் குப்பியையும் 3 மி.லி. ஒற்றை வேளை அளவுக்குச் சுருக்கியது, பெரிய குப்பி மாட்டுக்குப் போய்விடுகிறது என்பதால்.

இனி, வலியால்தான் தூக்கம் கெடுகிறது என்று உறுதியானவருக்கு. முழங்கால், கைவிரல் போன்ற மேலோட்டமான மூட்டென்றால் முதலில் ஜெல். வெறும் டைக்ளோஃபெனாக் 1 விழுக்காட்டு ஜெல் ஒரு முழங்காலுக்கு வேளைக்கு 4 கிராம், நாளைக்கு நாலு வேளை. 30 கிராம் டியூப் இரண்டு நாள்கூட வராது. கடலையளவு பிதுக்கித் தேய்த்துவிட்டு 'ஜெல் கேக்கல' என்பவர்கள் மருந்தைக் குறை சொல்கிறார்கள், தப்பு அளவில். வாயில் போடுவதோடு ஒப்பிட்டால் ரத்தத்துக்குப் போவது ஏறக்குறைய 6 விழுக்காடுதான். பூசிய இடத்தில் துணி இறுக்கிக் கட்டுவதும் ஒத்தடம் கொடுப்பதும் வேண்டாம், அந்த அளவு ஏறிவிடும். வலிக்குத் தேய்க்கும் வின்டர்கிரீன் தைலத்தைக் குழந்தை எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. அதன் மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினின் உறவு. சுத்தத் தைலம் ஒரு டீஸ்பூன், சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம்.

மாத்திரைதான் என்று மருத்துவர் முடிவு செய்தால், விழிப்பு எத்தனை மணிக்கு என்பதை அவரிடம் சொல்லுங்கள். டைக்ளோஃபெனாக் ரத்தத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும், மூட்டு நீரில் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். இரவு 8 மணிக்குப் போட்டது விடியற்காலை 3 மணி வலிக்குப் பல பேருக்குக் காணாது. நாப்ராக்சன் பாதியாக 12 மணி நேரத்துக்கு மேலாகும், எட்டோரிகாக்சிப் ஏறக்குறைய 22 மணி நேரம். நீளமாக நிற்பது சிறுநீரகத்தையும் நீளமாக அழுத்தும். எட்டோரிகாக்சிப், அழுத்தம் 140/90க்கு மேல் கட்டுப்படாமல் இருப்பவருக்கு ஆகாது. காக்ஸ்-2ஐக் குறிவைத்து அடைக்கும் இதே வகையைச் சேர்ந்த ரோஃபெகாக்சிப் மாரடைப்பு கூடியதால் 2004 செப்டம்பரில் உலகச் சந்தையிலிருந்தே எடுக்கப்பட்டது. சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டவர், கருத்தரித்து 20 வாரம் தாண்டியவர், டெங்கு சந்தேகம் உள்ளவர் இந்த வகை எதையும் தொடக் கூடாது. பாராசிட்டமால் மட்டும்.

வயிற்றுக்கென்று கூடவே தரும் பான்டோபிரசோலும் நொதித் தடுப்பான்தான். அமிலம் இறைக்கும் பம்பில் நிரந்தரமாக ஒட்டும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பம்பில் மட்டுமே ஒட்ட முடியும், பம்பு ஓடுவதோ சாப்பிடும்போது. மருந்து ரத்தத்தில் நிற்பது சுமார் ஒரு மணி நேரம். அதனால் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் 40 மி.கி. என்பதே சரியான நேரம். வலி மாத்திரையோடு சேர்த்து சாப்பாட்டுக்குப் பின் விழுங்கினால் பாதி வீண். முழுப் பலன் வர இரண்டு மூன்று நாள் ஆகும். இது காப்பது இரைப்பையையும் அதை அடுத்த குடலையும், சிறுநீரகத்தை இல்லை.

ஜாதிக்காயைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் கேட்பார்கள். இரவில் பாலில் ஒரு சிட்டிகை போட்டால் தூக்கம் வரும் என்பது பழைய வழக்கம். அதன் சாறு எஃப்.ஏ.ஏ.எச். நொதியை அடைப்பதாக ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். அது பாட்டி வைத்தியத்துக்கு நற்சான்றிதழ் ஆகிவிடாது, சிட்டிகையில் அந்த அளவு ஏறுமா என்பது வேறு கேள்வி. 5 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு முழுக் கொட்டை, பெரியவருக்கே படபடப்பு, வாய் வறட்சி, மனக்குழப்பம் தரும் அளவு. குழந்தை தூங்க வேண்டுமென்று உரசிக் கொடுப்பதை விட்டுவிடலாம்.

மலம் தார் போலக் கறுத்தால், சிறுநீர் சட்டென்று குறைந்தால், காலையில் முகமோ காலோ வீங்கினால் வலி மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது வீட்டில் இருக்கும் அட்டைகள் எல்லாவற்றையும், அழுத்தத்துக்கு உள்ளதையும் படர்தாமரைக்கு உள்ளதையும், காகித உறையில் மிஞ்சியதையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.